‘விழிப்புணர்வு போதாது’: ஆரியங்கோட்டிலிருந்து கருப்பை வாய்ப் புற்றின் வரலாற்றைப் பார்த்தல்

நெய்யாற்றின்கரைக்கு வடகிழக்கே, தமிழக எல்லையிலிருந்து சற்று உள்வாங்கி, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஊர் ஆரியங்கோடு. தெற்கே பாறசாலை. அதைக் கடந்தால் களியக்காவிளை, அதாவது தமிழ்நாடு. அதிகத் தொலைவில் இல்லாத காரக்கோணத்தில் டாக்டர் சாமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவக் கல்லூரியோ செவிலியர் கல்லூரியோ அருகில் இருக்கும் எந்தச் சிற்றூருக்கும் வினாப்படிவம் ஏந்திய மாணவர்கள் புதியவர்கள் அல்லர். கருப்பை வாய்ப் புற்றைக் கேள்விப்பட்டதுண்டா, அது எதனால் வருகிறது, அதற்குத் தடுப்பூசி இருப்பது தெரியுமா, போட்டுக்கொள்ள விருப்பமா என்று பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுவரையுள்ள பெண்களிடம் கேட்கும் படிவங்கள் இந்தியாவெங்கும் ஆண்டுதோறும் நிரப்பப்படுகின்றன. அவ்வாய்வுகளின் இறுதி இயல் ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டது: விழிப்புணர்வு போதாது; மனப்பான்மை ஓரளவு சாதகம்; நலக்கல்வி தேவை.

இந்த முடிவு பொய்யன்று. ஆனால் பாதி உண்மை. விழிப்புணர்வு ஒரு பெண்ணின் தலைக்குள் இருப்பதாகவோ இல்லாததாகவோ கொள்ளப்பட்டு அளக்கப்படுகிறது. வரலாற்றில் வைத்துப் பார்த்தால் அது யாரோ யாருக்கோ சொன்ன செய்தி, அல்லது சொல்லாமல் விட்ட செய்தி. கருப்பை வாய்ப் புற்றைப் பொறுத்தவரை, கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தியப் பெண்களின் உடலிலிருந்து மருத்துவம் பெற்றுக்கொண்ட அறிவு மிகுதி. அவர்களுக்குத் திருப்பிச் சொல்லப்பட்டது சொற்பம். அந்தக் கணக்கை எடுக்காமல் விழிப்புணர்வுக் குறைவைப் பற்றி எழுதுவது, கடன் வாங்கியவரை விட்டுவிட்டுக் கொடுத்தவரிடம் வட்டி கேட்பதற்கு ஒப்பாகும்.

முதலில் படிவத்தின் பிறப்பைப் பார்க்கலாம். அறிவு, மனப்பான்மை, நடைமுறை என்னும் மூன்று தலைப்புகளில் மக்களை அளக்கும் முறை புற்றுநோய்க்காக உருவானதன்று. 1950-களிலும் 1960-களிலும் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டங்களோடு சேர்ந்து ஆசிய நாடுகளில் பரவியது. கருத்தடையைப் பற்றித் தெரியுமா, விரும்புகிறீர்களா, பின்பற்றுகிறீர்களா என்பனவே அதன் மூலக் கேள்விகள். தெரிந்தும் விரும்பியும் பின்பற்றாதவர்கள் ‘இடைவெளி’ ஆனார்கள். அந்த இடைவெளியை நிரப்புவது திட்டத்தின் வேலையாயிற்று. கேரளத்தில் அது எப்படி நிரப்பப்பட்டது என்பதற்கு 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த முகாமே சான்று. ஒரே மாதத்தில் 60,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு அங்கே கருத்தடை அறுவை செய்யப்பட்டது. ஊக்கப் பரிசுகளும் திருவிழாக் கோலமும் அதற்குத் துணை நின்றன. நான்கே ஆண்டுகளில் நெருக்கடி நிலை வந்தது. வடமாநிலங்களில் ஊக்கத்தின் இடத்தைக் கட்டாயம் பிடித்துக்கொண்டது. ‘இந்த ஊசி போட்டால் பிள்ளை பிறக்காது’ என்ற அச்சத்தை ஆய்வேடுகள் ‘தவறான நம்பிக்கை’ என்ற கட்டத்தில் அடைக்கின்றன. மருத்துவ உண்மையைப் பொறுத்தவரை அது தவறுதான்; எச்.பி.வி. தடுப்பூசிக்கும் மலட்டுத்தன்மைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆயினும் அரசு மருத்துவம் ஊரைத் தேடி வந்தபோதெல்லாம் கருப்பையைத் தேடியே வந்தது என்ற நினைவு தவறானதன்று. 2017-இல் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாமின்போது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கைப்பேசி வழியே பரவிய வதந்திகளுக்கும் இதே நினைவு எருவாயிற்று.

திருவிதாங்கூர் மண்ணில் தடுப்பூசியின் வரலாறு இதற்கும் நெடுங்காலம் முந்தையது. 1810 முதல் 1815 வரை ஆண்ட ராணி கௌரி லட்சுமி பாயின் காலத்தில், 1813-இல், அம்மை குத்துவதற்கென ஒரு துறை அமைந்தது. மக்கள் தயங்கினர். தயக்கத்தை நீக்க அரச குடும்பத்தினர் முதலில் குத்திக்கொண்டனர் என்பது திருவிதாங்கூர் வரலாற்றில் பதிவான செய்தி. அரசி அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளம்பெண். 1879-இல் அரச ஆணை ஒன்று அரசு ஊழியர், சிறைக் கைதிகள், மாணவர்கள் ஆகியோருக்கு அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கியது. தன் கையை நீட்டிக் காட்டிய அரசியிலிருந்து, மறுக்க இயலாதவர்களைப் பட்டியலிட்ட ஆணைக்கு வந்து சேர அறுபத்தாறு ஆண்டுகள் ஆயின. இவ்விரு வழிகளும் பின்னர் இந்தியத் தடுப்பூசி வரலாறு முழுவதும் மாறி மாறித் தலைகாட்டுவதைக் காணலாம். இரண்டாம் வழிக்கே செல்வாக்கு அதிகம் என்பதையும் காணலாம்.

இந்த எல்லைப் பகுதிக்குப் புற்றுநோயும் பழகிய நோய்தான். இலண்டன் மிஷன் சங்கத்தின் நெய்யூர் மருத்துவமனையில், 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்குகொண்ட அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல் பணியாற்றினார். காரக்கோணம் கல்லூரி தாங்கியிருப்பது அவர் பெயரையே. ரேடியத்தைக் கொண்டு புற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் முறையை அவர் காலத்தில் நெய்யூர் ஏற்றுக்கொண்டது. அங்கே பணியாற்றிய ஐயன் ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. உலகப் புற்றுநோய் இயலில் தென் திருவிதாங்கூரின் பெயர் இடம்பெற்றது வாய்ப்புற்றின் வழியாகத்தான்.

தமிழில் கருப்பைக்கும் ஒரு ‘வாய்’ உண்டு. முதல் வாயை மருத்துவர் முன் திறந்து காட்டுவதில் யாருக்கும் கூச்சமில்லை. ஆண், பெண், முதியவர் எல்லோரும் காட்டினர், ஆய்வு வளர்ந்தது. இரண்டாம் வாயைக் காட்ட மறைவிடமும் பெண் மருத்துவரும் வேண்டும். தாயோ கணவனோ மாமியாரோ தரும் ஒப்புதலும் வேண்டும். இதைக் கல்வியின்மை என்று சுருக்கிவிட முடியாது. இதே தென் திருவிதாங்கூரில்தான் நாடார் பெண்கள் தம் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகச் சந்தைகளிலும் தெருக்களிலும் அடிபட்டு, 1859 ஜூலை 26-ஆம் நாள் ஆணையின் மூலம் அதனை ஓரளவேனும் பெற்றனர். உடலை மூடுவது இங்கே ஒரு சாதனை. தோள்சீலைப் போராட்டத்திலிருந்து கருப்பை வாய்ச் சோதனைவரை நேர்கோடு வரைவது மிகையாகும். ஆனால் இப்பகுதிப் பெண்ணின் கூச்சத்தை ‘பிற்போக்கு மனப்பான்மை’ என்று குறிக்கும் ஆய்வாளர் இந்த வரலாற்றை அறிந்தபின் அச்சொல்லை இவ்வளவு எளிதாகப் பயன்படுத்துவாரா என்பது ஐயமே.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கல்குளம் வட்டத்து நெய்யூர், ஆரியங்கோட்டாருக்கு அயல் மாநில ஊராயிற்று. குமரி மாவட்டத்தாருக்கோ திருவனந்தபுரம் அயல் மாநிலத் தலைநகராயிற்று. ஆனாலும் 1981-இல் திருவனந்தபுரத்தில் மண்டலப் புற்றுநோய் மையம் நிறுவப்பட்டபின், களியக்காவிளையைத் தாண்டி நோயாளிகள் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். நோய்க்கு மாநில எல்லை கிடையாது. அறிவிப்புப் பலகைக்கு உண்டு. மலையாளத்தில் இந்நோய் ‘கர்ப்பாசயகள அர்புதம்’. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் ஒரு பெண்ணின் காதில் ‘அர்புதம்’ என்பது ‘அற்புதம்’ என்று விழுந்தால் வியப்பில்லை. ‘கருப்பை வாய்’ என்ற தமிழ்ச் சொல்லோ மருத்துவர்களும் பாடநூலாரும் ஆக்கியது. பாட்டிமார் வாயில் வழங்கியதன்று. நாட்பட்ட வெள்ளைப்படுதல், உறவுக்குப்பின் குருதி, மாதவிடாய் நின்றபின் மீண்டும் குருதி என அறிகுறிகளுக்கெல்லாம் பெண்களிடையே சொல் உண்டு. நோய்க்குத்தான் அவர்கள் சொல் இல்லை. வினாப்படிவம் கேட்பது அறிகுறியை அன்று, நோயின் பெயரை. தெரியாது என்ற விடையில் ஒரு பங்கு மொழிபெயர்ப்பின் விளைவு என்பதை ஆய்வேடுகள் அரிதாகவே கணக்கில் கொள்கின்றன.

இந்நோயைச் சூழ்ந்த இன்னொரு கூச்சம் இறக்குமதியானது. 1842-இல் இத்தாலியின் வெரோனா நகரத்து மருத்துவர் தொமெனிகோ ரிகோனி-ஸ்டெர்ன், 1760 முதல் 1839 வரையிலான இறப்புப் பதிவுகளை எண்ணிப் பார்த்தார். மணமான பெண்களிடம் மிகுந்திருந்த கருப்பைப் புற்று, கன்னியர் மடத்துப் பெண்களிடம் மிக அரிதாக இருந்தது. கூர்மையான கவனிப்பு அது. உறவின் வழியே பரவும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்ற தேடலுக்கு அதுவே விதை. அதோடு, இந்நோய் கண்ட பெண்ணின் ஒழுக்கத்தை ஐயுறும் வழக்கத்துக்கும் அது இடமளித்தது. ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஹரால்டு சூர் ஹவுசன் 1983-இல் எச்.பி.வி. 16 என்னும் வைரசு வகையையும், அடுத்த ஆண்டில் 18-ஆம் வகையையும் புற்றுத் திசுக்களில் கண்டறிந்தார். 2008-இல் நோபல் பரிசு பெற்றார். உறவு வாழ்வில் ஈடுபடும் ஆண், பெண் பெரும்பான்மையோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றும் சாதாரண வைரசு இது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே நீங்கிவிடும். நீங்காமல் தங்கும் சிலரிடம் பத்து, இருபது ஆண்டுகள் கழித்துப் புற்றாகிறது. கணவன் ஒருவனையன்றி வேறு யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும் என்ற எளிய செய்தியை வெரோனாவின் நிழல் இன்றும் மறைத்துக்கொண்டிருக்கிறது.

சூர் ஹவுசன் குழுவினர் 18-ஆம் வகையைக் கண்ட இடங்களுள் ஒன்று ‘ஹீலா’ உயிரணுக்கள். அவை 1951-இல் கருப்பை வாய்ப் புற்றால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற முப்பத்தொரு வயதுக் கறுப்பினப் பெண்ணிடமிருந்து, அவர் அறியாமல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் எடுக்கப்பட்டவை. அதற்கு முன்பே ஜார்ஜ் பாப்பனிக்கலோ தம் பெயரால் வழங்கும் சோதனையை வளர்த்தெடுத்தபோது, அவர் மனைவி ஆந்த்ரோமகி பல ஆண்டுகள் தம்மையே சோதனைப் பொருளாகக் கொடுத்திருந்தார். ஆந்த்ரோமகி அறிந்து கொடுத்தார். லாக்ஸ் அறியவே இல்லை. இந்தியக் கதையில் லாக்ஸ்கள்தாம் அதிகம்.

1976 முதல் 1988 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் தில்லியில் ஓர் ஆய்வு நடந்தது. கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் கொண்ட 1,158 பெண்கள் சிகிச்சையின்றித் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். எத்தனை பேரிடம் அம்மாற்றம் புற்றாகிறது என்று அறிவதே நோக்கம். 71 பெண்களிடம் புற்று உருவாயிற்று. அவர்களுள் 9 பேரிடம் அது ஊடுருவும் நிலையை எட்டியது. 1997-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட செய்தியின் வழியாகவே இது பொதுவெளிக்கு வந்தது. அக்காலத்தில் எழுத்துவழி ஒப்புதல் கட்டாயமில்லை, வாய்மொழி ஒப்புதல் பெறப்பட்டது என்று விளக்கம் கூறப்பட்டது. தமக்கு இருப்பது புற்றாகக் கூடிய மாற்றம் என்பதும், அதை அகற்ற வழியுண்டு என்பதும் அப்பெண்களுக்கு எந்த அளவு புரியும்படி சொல்லப்பட்டன என்பதே கேள்வி. ‘விழிப்புணர்வு’ என்ற சொல்லுக்கு இதைவிடக் கடுமையான தேர்வு இருக்க முடியாது.

அடுத்த கட்டம் தமிழ் மண்ணுக்கு வருகிறது. 2000-ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நலவாழ்வு மையத்தைக் களமாகக் கொண்டு, ஊர்த் தொகுதிகள் 114 தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றில் 57 தொகுதிகளைச் சேர்ந்த 30 முதல் 59 வயதுவரையுள்ள 49,311 பெண்கள் சோதனைக்கு அழைக்கப்பட்டனர். மற்ற 57 தொகுதிகளின் 30,958 பெண்கள் வழக்கமான மருத்துவ வசதியோடு விடப்பட்டனர். சோதனை வியக்கத்தக்க எளிமை உடையது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, அதாவது சமையலறை வினிகரின் அமிலத்தை, கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் காத்திருந்து வெண்திட்டு தோன்றுகிறதா என்று வெறுங்கண்ணால் பார்ப்பது. பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்தனர். தேவைப்பட்டோருக்கு அவர்களே உறைகுளிர்ச் சிகிச்சையும் அளித்தனர். அழைக்கப்பட்டோரில் 31,343 பேர் வந்தனர். பெரும்பாலும் உழைக்கும் கிராமப் பெண்களான அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர் வந்தனர் என்பதை ‘சாதகமற்ற மனப்பான்மை’ பேசும் எவரும் இரண்டு முறை வாசிக்க வேண்டும். வீட்டுக்கு வந்து விளக்கிச் சொல்ல ஆள் இருந்தது, பார்ப்பவர் பெண்ணாக இருந்தார், சோதனையும் சிகிச்சையும் ஊருக்கு அருகில் கிடைத்தன, வந்தார்கள். 2007-இல் ‘லான்செட்’டில் வெளிவந்த முடிவு: நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன.

ஒத்த ஆய்வுகள் மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்திலும் மும்பைக் குடிசைப் பகுதிகளிலும் நடந்தன. உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்கள் நான்கு பிரிவுகளாக்கப்பட்டனர். ஒரே ஒருமுறை செய்த எச்.பி.வி. சோதனை இறப்பை ஏறக்குறையப் பாதியாக்கியது. உலகம் இன்று பின்பற்றும் சோதனை முறைகளுக்கு இம்மூன்று களங்களும் பெரும் ஆதாரம். இவற்றின் ஒப்பீட்டுப் பிரிவுகளைப் பற்றி எழுந்த நெறிமுறைச் சர்ச்சையும் ஆய்வாளர் அறிந்ததே. சோதனை உயிர்காக்கும் என்பது மேலைநாட்டு அனுபவத்தில் தெரிந்திருக்க, மூன்று இடங்களிலுமாக ஏறத்தாழ 1,38,000 பெண்களைச் சோதிக்காமல் விட்டு இறப்பை எண்ணுவது முறையா என்று கேட்டனர் எதிர்ப்பாளர்கள். இந்தியாவில் எந்தப் பெண்ணுக்கும் சோதனை இல்லாத நிலையில் எதையும் பறிக்கவில்லை என்றனர் ஆய்வாளர்கள். அந்த விடையில் தருக்கம் உண்டு. ஆனால் அரசின் புறக்கணிப்பே ஆய்வுக்கு வசதியான ‘இயல்பு நிலை’யாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்ற உறுத்தலை அது நீக்கவில்லை. முடிவு வெளிவந்தபின் நாடு முழுவதும் சோதனை விரைந்து பரவியிருந்தால் உறுத்தல் குறைந்திருக்கும். தமிழ்நாடு, தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோடித் திட்டம் நடத்திப் பின் பிற மாவட்டங்களுக்கும் கொண்டுசென்றது, அது பாராட்டத்தக்கது. எனினும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 30 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் ஒருமுறையேனும் இச்சோதனை செய்துகொண்டவர்கள் 2 விழுக்காட்டுக்கும் குறைவு. தமிழ்நாடே 10 விழுக்காட்டை எட்டவில்லை. எழுத்தறிவில் முதன்மையான கேரளம் அதற்கும் கீழே.

இளம்பெண்கள் நேரடியாக இக்கதைக்குள் வருவது 2009-இல். அந்த ஜூலையில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், பின்னர் குசராத்தின் வடோதராவில், ‘பாத்’ என்ற அமெரிக்க நிறுவனம் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து 10 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமியருக்கு எச்.பி.வி. ஊசி போடும் திட்டத்தைத் தொடங்கியது. கம்மத்தில் ஏறத்தாழ 14,000 பேர். பழங்குடிச் சிறுமியரும் விடுதி மாணவியரும் அவர்களுள் கணிசம். ஏழு சிறுமியர் இறந்தனர். பாம்புக்கடி, நீரில் மூழ்கல், பூச்சிமருந்து, காய்ச்சல் போன்றவற்றால் நேர்ந்த அவ்விறப்புகள் தடுப்பூசியோடு பெரும்பாலும் தொடர்பற்றவை என்றே விசாரணைக் குழு கண்டது. பல நாடுகளில் கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்ட பின்னும் இந்த ஊசியின் பாதுகாப்பு உறுதியாகவே நிற்கிறது. ஆனால் விசாரணை வெளிக்கொணர்ந்த மற்றொன்றை ஊசியின் பாதுகாப்பால் ஈடுசெய்ய முடியாது. 2013 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த 72-ஆம் அறிக்கையின்படி, ஆந்திரத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 கைநாட்டோடு இருந்தன; 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தனர். திருவிதாங்கூரின் 1879 ஆணை நினைவுக்கு வருகிறது: கையருகே, ஒரு கூரையின்கீழ், மறுக்க இயலாத நிலையில் இருப்பவர்களிடமிருந்து தொடங்குவது.

2010 ஏப்ரலில் அரசு எல்லா எச்.பி.வி. ஊசி ஆய்வுகளையும் நிறுத்தியது. இங்குதான் வரலாறு எதிர்பாராத வகையில் திரும்பியது. 2009 செப்டம்பரில் தொடங்கிய வேறோர் ஆய்வு, இரண்டு தவணை போதுமா மூன்று வேண்டுமா என்று அறிய, 10 முதல் 18 வயதுவரையுள்ள 20,000 பெண்களைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தது. அம்பிளிக்கையும் அதன் களங்களுள் ஒன்று. தடை வந்தபோது 17,729 பேர் சேர்ந்திருந்தனர். அவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் ஒரே ஊசியோடு நின்றுபோயினர். யாரும் திட்டமிடாத ஒரு பிரிவு உருவாயிற்று. பத்தாண்டுக் கவனிப்பின்பின், 16, 18 ஆகிய வகைகளின் நிலைத்த தொற்றை அந்த ஒற்றை ஊசியே 95 விழுக்காட்டளவு தடுத்ததாக 2021-இல் ‘லான்செட் ஆன்காலஜி’ இதழில் முடிவு வந்தது. 2022-இல் உலக நலவாழ்வு நிறுவனம் ஒற்றைத் தவணையை ஏற்றுக்கொண்டதற்கு முதன்மையான சான்றுகளுள் இதுவும் ஒன்று. செலவு குறைந்ததால் ஏழை நாடுகள் பல இன்று தம் சிறுமியருக்கு ஊசி போட முடிகிறது. பாதியில் விடப்பட்ட இந்தியப் பெண்கள் உலகுக்குத் தந்த கொடை அது. அவர்களுள் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களும் உண்டு என்பது தமிழ்ப் பாடநூல் எதிலாவது இடம்பெற வேண்டிய செய்தி.

கம்மத்தின் விலையும் சிறிதன்று. தேசிய அளவில் எச்.பி.வி. ஊசி பல ஆண்டுகள் பேச முடியாத பொருளாயிற்று. 2016-இல் தில்லியும், தொடர்ந்து பஞ்சாபின் இரு மாவட்டங்களும் தொடங்கின. 2018-இல் சிக்கிம் பெற்றோர், ஆசிரியர், சமயத் தலைவர்கள் ஆகியோரிடம் முன்கூட்டியே பேசிப் பள்ளிகளின் வழியே நடத்திய திட்டத்தில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட சிறுமியர் ஊசி பெற்றனர். அதே ஊசி, அதே நாடு. முன்பே பேசியதுதான் வேறுபாடு. சீரம் நிறுவனத்தின் ‘செர்வாவாக்’ 2022-இல் ஒப்புதல் பெற்றது. 2024 பிப்ரவரியின் இடைக்கால வரவுசெலவுத் திட்டத்தில் 9 முதல் 14 வயதுவரையுள்ள சிறுமியருக்கான தடுப்பூசி ஊக்குவிக்கப்படும் என ஒன்றிய அரசு அறிவித்தது. 2025–26 வரவுசெலவுத் திட்டத்தில் தமிழ்நாடு 14 வயதுச் சிறுமியருக்காக 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்; விழிப்புணர்வு ஆய்வுகள் இதைத் தொடுவதே இல்லை. 1954-இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கியதிலிருந்து பல பத்தாண்டுகள், சென்னைப் பெண்களிடையே முதலிடம் வகித்த புற்று கருப்பை வாய்ப் புற்றே. 1980-களின் தொடக்கத்தில் நகரப் பதிவேடு உருவானபின் ஆண்டுக்காண்டு அது இறங்கியது. இந்த நூற்றாண்டில் மார்பகப் புற்று அதைப் பின்தள்ளியது. திருவனந்தபுரத்தின் பதிவேட்டிலும் இதன் வீதம் நாட்டின் குறைந்த வீதங்களுள் ஒன்று. இச்சரிவு பெரும்பாலும் பரவலான சோதனையோ ஊசியோ இல்லாத காலத்தில் நிகழ்ந்தது. பெண்கள் படித்தார்கள், பின்தள்ளி மணந்தார்கள், குறைவாகப் பெற்றார்கள், நீரும் கழிப்பறையும் வீட்டருகே வந்தன. வைரசின் பெயரைக் கேள்விப்படாமலேயே ஒரு தலைமுறைப் பெண்கள் நோயின் வீதத்தை இறக்கினார்கள். படிவத்தில் அவர்கள் பெற்றிருக்கக் கூடிய மதிப்பெண் சுழியம்.

ஆயினும் மெத்தனத்துக்கு இடமில்லை. 2022-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டில் இந்தியாவில் புதிதாக நோயுற்றவர்கள் 1,27,526, இறந்தவர்கள் 79,906. சிறுமியரில் 90 விழுக்காட்டினருக்கு 15 வயதுக்குள் ஊசி, பெண்களில் 70 விழுக்காட்டினருக்கு 35, 45 வயதுகளில் சோதனை, கண்டறியப்பட்டோரில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என 2030-க்கு உலக நலவாழ்வு நிறுவனம் வைத்த இலக்குகளிலிருந்து நாடு வெகுதொலைவில் உள்ளது.

அந்த இலக்குகளின் வயதெல்லைகளை ஆரியங்கோட்டுப் படிவத்தின் வயதெல்லையோடு பொருத்திப் பார்க்கலாம். அரசின் ஊசி 14 வயதோடு முடிகிறது. அரசின் சோதனை, 2016-இன் ஒன்றிய அரசு வழிகாட்டுதலின்படி, 30 வயதில் தொடங்குகிறது. படிவம் தேடிச் செல்வதோ இரண்டுக்கும் நடுவிலுள்ள பதினெட்டு, இருபது வயதுப் பெண்ணை, அதுவும் பெரும்பாலும் கல்லூரி வாயிலில் எளிதாகக் கிடைக்கிறாள் என்பதற்காக. 26 வயதுவரை ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று மருந்தின் உரிமம் கூறுகிறது. ஆனால் அதற்குத் தனியார் மருத்துவமனையின் விலையைத் தர வேண்டும். பாறசாலைத் துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கோ முந்திரி ஆலைத் தொழிலாளியின் மகளுக்கோ அது ஒரு மாதத்தின் வீட்டுச் செலவில் கை வைப்பது. மணமாகாதவள் தனியே போய்க் கேட்டால் வரும் பார்வை வேறு. போட்டுக்கொள்ள விருப்பமா என்ற கேள்விக்கு அவள் ‘தெரியவில்லை’ என்று குறித்தால், அந்த விடையை அறியாமை என்று வகைப்படுத்துவதற்குமுன் வேறு சில கேள்விகளை மாணவர்கள் கேட்டுப் பதியலாம்: இதுவரை இதைப் பற்றி உனக்குச் சொன்னவர் யார், எந்த மொழியில் சொன்னார், அரசு துணைநலவாழ்வு மையத்தில் இந்த ஊசி உன் வயதுக்கு உண்டா, உன் தாய்க்கு நாற்பது வயதானபின் யாராவது ஒருமுறையாவது சோதனைக்கு அழைத்தார்களா, அழைத்திருந்தால் அங்கே பார்த்தவர் ஆணா பெண்ணா, கதவுக்குத் தாழ் இருந்ததா.